தெரிந்துகொள்வதே நிம்மதி!



'பரம்பரை நோயை முன்கூட்டியே அறிவது நிம்மதியா, கவலையா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா, "வராத நோயை நினைச்சு ஏன்யா வருத்தப்படணும்?"னு கேட்டாங்க. பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். "மாப்பிள்ளையோட தாத்தா எதுல போனாரு?"ன்னு கேட்டா மட்டும், "வயசாச்சு, போயிட்டாரு"ங்கிறோம். நாற்பதுல போனவருக்கு என்னய்யா வயசு? (சிரிப்பு)

நியூசிலாந்தின் பூர்வகுடிகள் மாவோரி மக்கள். அவர்களுக்கு வயிற்றுப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகம். அங்கே ஒரு பெரிய குடும்பம். முப்பது ஆண்டுகளில் 25 பேரை இந்த நோய் கொண்டுபோனது. பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டாதவர்கள். ஒரு பிள்ளைக்கு வயது வெறும் 14! 'இது சாபம்' என்றே சிலர் நம்பினார்கள்.

அந்தக் குடும்பம் அழுதுகொண்டே உட்காரவில்லை. ஆராய்ச்சியாளர்களைத் தானே தேடிப் போனது. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் பாரி கில்ஃபோர்ட் குழுவினர் அவர்களோடு சேர்ந்து உழைத்து, 1998-ல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சிடிஎச்1 என்ற மரபணுவில் கோளாறு! செங்கல்லைப் பிடித்து வைக்கிற சாந்து மாதிரி, செல்லோடு செல்லை ஒட்ட வைக்கிற புரதத்தை உண்டாக்குவது அந்த மரபணு. சாந்து போனால் சுவர் நிற்குமா? செல்கள் பிரிந்து, வயிற்றின் உள்தோலுக்கு அடியிலே பரவும். அதனால் எண்டோஸ்கோப்பி கண்ணுக்கே தப்பிவிடும்!

பெற்றோரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகிற வாய்ப்பு சரிபாதி. இங்கேதான் கவனிக்கணும். ஒரு ரத்தப் பரிசோதனை. 'உனக்கு இல்லை' என்று வந்தால், அவன் பிள்ளைகளுக்கும் அவன் வழியாக வராது! தெரியாதவரைக்கும் அவனும் அல்லவா தினம் தினம் செத்துக்கொண்டிருந்தான்? (கைதட்டல்)

"இருக்குன்னு வந்தா?"ன்னு எதிரணி கேட்கும். வயிற்றையே முழுசா எடுத்துடறாங்க. உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைக்கிறாங்க. கொஞ்சம் கொஞ்சமா, பல வேளை சாப்பிடணும். ஆயுள் முழுக்க பி12 வைட்டமின் வேணும். கஷ்டம்தான், மறுக்கல. ஆனா அப்படி எடுத்த வயிறுகள் பலவற்றில், யார் கண்ணிலும் படாத புற்று ஏற்கெனவே முளைத்திருந்தது! தெரிஞ்சதால பிழைச்சாங்க ஐயா!

வயிற்றுப் புற்றுநோய் எல்லாமே பரம்பரை என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்குத்தான் அப்படி. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் கிருமியும், உப்பும், புகையும்தான். ஆனால் நம் வீடு எந்தக் கணக்கில் சேரும் என்பதை, தாத்தாவும் அத்தையும் எதில் போனார்கள் என்று கேட்காமல் எப்படி அறிவது?

கேட்கிற வீடு பிழைக்கும். மறைக்கிற வீடு மறுபடியும் அழும். எனவே, அறிவதே நிம்மதி என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.