வங்கித் தாளில் மறைக்கச் சொன்ன பெயர்



ராணுவத் தளவாடக் கொள்முதலில் நடக்கும் ஊழலைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறது இந்த அவை. இந்தத் துறையில் இதுவரை வந்த ஆய்வுகளில் தரகர்கள் இருக்கிறார்கள், அமைச்சர்கள் இருக்கிறார்கள், சுவிஸ் வங்கிகள் இருக்கின்றன. ஊழலைக் காட்டும் தாள்களை வெளியே கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்புத்தான். இந்தத் தலைமையுரை அவர்களுக்கானது.

எண்பதுகளில் ஸ்வீடனின் போஃபர்ஸ் நிறுவனத்தில் போலீஸ் சோதனை நடந்தது. சோதனைக்குத் தலைமை தாங்கியவர் ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். கையில் கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வாருங்கள் என்று தன் ஆட்களிடம் சொல்லியிருந்தார். அள்ளி வந்த குவியலில் சுவிஸ் வங்கிகளுக்குப் போன பண அனுப்பல் தாள்கள் சில இருந்தன. பணம் பெறுபவரின் பெயரை மறைத்துவிட வேண்டும் என்று அவற்றில் எழுதியிருந்தது. கணக்குப் பார்க்க உட்கார்ந்த கணக்காளர் கேட்ட கேள்வி எளிமையானது: முறையான பணம் என்றால் பெயரை ஏன் மறைக்க வேண்டும்? போஃபர்ஸ் தரப்பால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நூலைப் பிடித்து இழுத்தபோதுதான் மறுமுனையில் இந்தியா வந்தது.

போலீஸ் அங்கே போனது இந்தியாவுக்காக இல்லை. கார்ல்ஸ்கூகா என்ற சிற்றூரில் இருக்கிறது போஃபர்ஸ். ஒரு காலத்தில் ஆல்ஃபிரட் நோபலுக்குச் சொந்தமாக இருந்த ஆலை அது. ஊரில் பாதி வீட்டு அடுப்பு அந்த ஆலைச் சம்பளத்தில்தான் எரிந்தது என்று சொல்லலாம். அங்கே பொறியாளராக இருந்தவர் இங்வார் பிராட். ஸ்வீடன் அரசு அனுமதிக்காத வளைகுடா நாடுகளுக்கு ஆர்.பி.எஸ்.-70 ஏவுகணைகள் சிங்கப்பூர் பெயரில் போய்ச் சேர்வது அவருக்குத் தெரியவந்தது. தகவலை அவர் ஓர் அமைதி அமைப்பிடம் கொடுத்தார். 1984-இல் புகார் பதிவானது. பிறகு தன் பெயரையும் வெளியே சொன்னார். ஊருக்கே சோறு போடும் ஆலைக்கு எதிராக ஊருக்குள் இருந்துகொண்டே பேசுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை ஒற்றை ஆலையை நம்பி வாழும் எந்த ஊர்க்காரரும் புரிந்துகொள்வார். பிராட் பேசியிராவிட்டால் சோதனை நடந்திருக்காது. கணக்காளரின் மேசைக்கு அந்தத் தாளும் வந்திருக்காது.

இனி பீரங்கிக்கு வருவோம். 1986 மார்ச் 24 அன்று 155 மி.மீ. பீரங்கிகள் 410-ஐ வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 1,437 கோடி ரூபாய். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1985 நவம்பரில், ஏ.இ. சர்வீசஸ் என்ற நிறுவனத்தோடு போஃபர்ஸ் தனியாக ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. 1986 மார்ச் 31-க்குள் இந்தியா கையெழுத்திட்டால் அந்த நிறுவனத்துக்கு 3 சதவீதம். கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கையெழுத்து விழுந்தது. ஆய்வு மாணவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். ஊழல் என்பது எப்படி உடன்படிக்கையாகவும் கெடுவாகவும் சதவீதமாகவும் ஒழுங்காக எழுதப்படுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

1987 ஏப்ரல் 16-இல், இந்த ஒப்பந்தத்துக்காக லஞ்சம் கைமாறியது என்ற செய்தியை ஸ்வீடன் வானொலி வெளியிட்டது. தரகர் யாரும் இல்லை என்றது இந்திய அரசு. பி. சங்கரானந்த் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைந்தது. முக்கிய எதிர்க்கட்சிகள் அதைப் புறக்கணித்தன. குழு கொடுத்த அறிக்கை ஒப்பந்தத்தில் குற்றம் காணவில்லை. அதில் மறுப்புக் குறிப்பு எழுதிவைத்தவர் தமிழ்நாட்டின் அ.தி.மு.க. உறுப்பினர் ஆலடி அருணா. பெரும்பான்மையின் அறிக்கையை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை.

லிண்ட்ஸ்ட்ரோம் இதையெல்லாம் ஸ்டாக்ஹோமிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் விசாரணையில் கிடைத்த உண்மை இரு நாட்டிலும் மண்ணுக்குள் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஜெனீவாவிலிருந்து எழுதிக்கொண்டிருந்த சித்ரா சுப்பிரமணியத்திடம் 350-க்கும் மேற்பட்ட ஆவணங்களைக் கொடுத்தார். வங்கி உத்தரவுகள், ரகசிய ஒப்பந்தங்கள், கூட்டக் குறிப்புகள், போஃபர்ஸ் தலைவர் மார்ட்டின் ஆர்ட்போவின் நாட்குறிப்பு என்று எல்லாம் இருந்தன. 1988-இல் சென்னையின் தி இந்து நாளிதழில், என். ராமும் சித்ராவும் எழுத, அவை அச்சேறத் தொடங்கின. கொடுத்தவர் யார் என்பதை சித்ரா கால் நூற்றாண்டு வெளியிடவில்லை. 2012-இல் லிண்ட்ஸ்ட்ரோம் தானே முன்வந்து பேசினார். ஒப்பந்தக் காலத்தில் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி பணம் வாங்கியதற்குச் சான்று இல்லை என்றும், ஆனால் மூடிமறைப்பை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். யாரையாவது கவிழ்க்க வேண்டும் என்று கிளம்பியவர் முதல் பாதியைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

தமிழில் இப்படி உண்மையை வெளியே சொல்பவர்களுக்கு இன்னும் நல்ல பெயர் அமையவில்லை. ‘காட்டிக்கொடுப்பவர்’ என்றால் உடனே எட்டப்பன் நினைவுக்கு வந்துவிடுகிறது. சாலை ஒப்பந்தத்தில் ஊழலைச் சொன்னவரைத் தொந்தரவுக்காரர் என்பார்கள். பீரங்கி ஒப்பந்தத்தில் சொன்னால் தேசத் துரோகி என்பார்கள். போஃபர்ஸ் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்பது விற்பனையாளரின் விளக்கக் கையேட்டிலேயே இருந்தது. ரகசியமாக இருந்தது தரகுத் தொகை ஒன்றுதான். எதிரிக்குப் பயன்படும் தகவல் எது, திருடனுக்குப் பயன்படும் மறைவு எது என்று பிரித்துக் காட்டும் அளவுகோலை உருவாக்குவதைவிட முக்கியமான வேலை இந்தக் கருத்தரங்குக்கு இல்லை.

உண்மையைச் சொன்னவர்களைப் போற்றுவதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. இந்த விவகாரத்துக்குப் பிறகு கோப்பில் கையெழுத்துப் போடவே அதிகாரிகள் பயந்தார்கள். அடுத்த புதிய 155 மி.மீ. பீரங்கி, அமெரிக்காவின் எம்-777, 2017-இல்தான் வந்து சேர்ந்தது. 1999-இல் கார்கில் மலைகளில் வீரர்களுக்குக் கைகொடுத்தவை அதே போஃபர்ஸ் பீரங்கிகள். பீரங்கி நல்ல பீரங்கிதான். அப்படிப்பட்ட பொருளை விற்கவும் தரகு தேவைப்பட்டது என்பதில்தான் வேதனை இருக்கிறது. முப்பது ஆண்டுத் தேக்கத்துக்கான பழியை உண்மையைச் சொன்னவர் தலையில் கட்டுவது அநியாயம். தொழில்நுட்பப் பரிமாற்றத்தில் அன்று கிடைத்த வரைபடங்கள் இந்தியாவிடமே இருந்தன. அவற்றைத் தூசி தட்டி ஜபல்பூரில் உருவாக்கிய தனுஷ் பீரங்கி ராணுவத்திடம் சேர 2019 ஆனது. அந்தத் தாமதத்துக்கு எந்த ஸ்வீடன் போலீஸ்காரர் காரணம்?

நீதிமன்றக் கதை இன்னும் நீளம். 1990-இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது, 1999-இல் குற்றப்பத்திரிகை வந்தது. 2004-இல் ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டையும், 2005-இல் தொழிலதிபர்களான ஹிந்துஜா சகோதரர்கள் மீதான குற்றச்சாட்டுகளையும் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தரகராகக் குற்றம்சாட்டப்பட்ட இத்தாலியத் தொழிலதிபர் குவாத்ரோக்கி 2011-இல் விடுவிக்கப்பட்டார். தண்டனை என்று ஒருவருக்கும் இல்லை.

தனுஷ் வந்த அதே 2019-இல், தி இந்து வெளியிட்ட ரஃபேல் போர் விமானக் கொள்முதல் ஆவணங்கள் திருடப்பட்டவை, அவற்றைப் பார்க்கவே கூடாது என்று அரசு வாதாடியது. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அந்த ஆட்சேபத்தைத் தள்ளினார்கள். சீராய்வு மனுக்கள் நவம்பரில் தள்ளுபடியாயின என்பது வேறு விஷயம். ஆவணத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத் தள்ளுவதற்கும் படிக்காமலே தள்ளுவதற்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

அச்சிட்டவருக்கு நீதிமன்றம் துணை நின்றது. கொடுத்தவருக்கு? நெடுஞ்சாலைத் திட்ட ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக, பதினோரு ஆண்டு கழித்து, 2014-இல் ஊழலை வெளிப்படுத்துவோருக்கான பாதுகாப்புச் சட்டம் ஒன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. மத்திய அரசு அறிவிக்கும் நாளில் இது நடைமுறைக்கு வரும் என்கிறது அதன் முதல் பிரிவு. அந்த நாள் அறிவிக்கப்படவில்லை. அதற்குள், 2015-இல், நாட்டுப் பாதுகாப்பு தொடர்பான தகவல்களைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைக்கும் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. அமலுக்கே வராத சட்டத்திலிருந்து ராணுவக் கொள்முதலை விலக்க அவ்வளவு அவசரம் ஏன் என்ற கேள்வியோடு முதல் அமர்வைத் தொடங்குமாறு கட்டுரையாளர்களை இந்த அவை கேட்டுக்கொள்கிறது.