பட்டறையும் ஒரு பள்ளிக்கூடம்

(திருவொற்றியூர்ப் படிப்பகத்தில் தோழர்களிடையே ஆற்றிய உரை)



கூட்டம் என்றால் கண்டனத்துக்கு, விழா என்றால் பாராட்டுக்கு என்று பழகிவிட்ட நாம், இன்று வேறொரு காரியத்துக்காகக் கூடியிருக்கிறோம். ஒரு குழுவிலே பணியாற்றுவோரின் திறமை எப்படி வளர்கிறது? அதை வளர்ப்பவர் யார்? வாட்டுபவர் யார்? விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் அமர்ந்திருக்கும் இந்த ஊரே சான்று கூறும்.

1955ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டும், சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. வண்டியின் பாகங்கள் கடல் கடந்து வந்தன. இங்கே அவற்றைப் பூட்டினார்கள். பூட்டுவது மட்டுமே வேலை! அத்துடன் நின்றிருந்தால், திருவொற்றியூர்த் தொழிலாளி காலமெல்லாம் பிறர் வார்த்த இரும்பை முடுக்கும் கையாகவே இருந்திருப்பான்.

நிற்கவில்லை, தோழர்களே! 1957இல் பாகங்களைச் செய்யும் கருவிகளும் இங்கே வந்தன. 1962இல் புல்லட் வண்டி முழுவதையும் இங்கேயே செய்யும் நிலை பிறந்தது. ஏழே ஆண்டுகள்! ஆசிரியராக இருந்த ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் உற்பத்தியே 1970இல் முடிந்தது. 1977இல் என்ன நடந்தது? மாணவனாக இருந்த திருவொற்றியூர், அந்த இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்தது!

கருவி கப்பலில் வரும்; கைத்திறன் கப்பலில் வருமா? வராது. மூத்தவன் அருகே இளையவன் நின்று, பார்த்து, கெடுத்து, திருத்தி, மீண்டும் செய்து பெறுவது அது. பெட்ரோல் தொட்டியின் மீது பொன்னிறக் கோட்டைத் தூரிகை கொண்டு கையாலேயே இழுத்தார்களே, அந்தக் கோடு நடுங்காமலிருக்க எத்தனை நாள் பழகியிருக்க வேண்டும்! அப்படிப் பழகுவதற்கு இடமும் காலமும் தந்த பட்டறை, பள்ளிக்கூடமே அல்லவா?

"தொழிலாளிக்கு அக்கறை இல்லை, அதனால்தான் ஆலை நலிகிறது" என்று பேசுவோர் உண்டு. அவர்களை அமெரிக்காவுக்கு அழைக்கிறேன். கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார் ஆலையை 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டா கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. குழுத்தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றுவித்தார்கள். குறை கண்டால் கயிற்றை இழுத்து வேலை ஓட்டத்தையே நிறுத்தும் உரிமையைச் சாதாரணத் தொழிலாளியிடம் கொடுத்தார்கள். தரத்தில் அந்த ஆலை தலைநிமிர்ந்தது. ஆட்கள் மாறவில்லை, அவர்களை நடத்திய முறை மாறியது!

இன்னாரால் இது முடியும் என்று ஆராய்ந்து, அந்தச் செயலை அவரிடமே விட்டுவிடு என்பதுதானே, வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்துச் சொன்னது?

இப்போது எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் வழியே வரும் இளைஞன், வேலை பிடிபடும் நேரத்தில் வெளியேற நேர்ந்தால், அவன் கற்றதும் அவனோடு வெளியேறுகிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநரைத் தொழிலாளி என்று ஏற்பதில்லை. பழகுவது உண்மையானால் அதை மறுக்க மாட்டேன். ஆனால், பழகுநர் என்ற பெயரில் முழு வேலையும் வாங்கிக்கொண்டு, கற்றுத் தேர்ந்ததும் வாசலைக் காட்டினால், அதற்குப் பெயர் பயிற்சியா? ஊதியம் கேட்கும் நாம், கற்கும் உரிமையையும், கற்றதற்கேற்ற நிலையான பணியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முதலாளியை நோக்கி நீட்டிய விரலைச் சற்றே நம் பக்கமும் திருப்புவோம். நம் கிளைகளிலே நாற்காலி தூக்கும் இளைஞன், பத்தாண்டு கழித்தும் நாற்காலியே தூக்குகிறானே! ஒலிபெருக்கி ஏன் அவன் கைக்கு வரவில்லை? 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே, அதற்கு வாடியாவின் பேச்சும் திரு.வி.க.வின் தமிழும் மட்டுமா காரணம்? பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டு வாடியாவிடம் கொண்டு சென்ற செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அல்லவா வித்திட்டவர்கள்? கேட்கத் தெரிந்தவர்களால் எழுந்த இயக்கம் அது!

ஆகவே ஒன்று வேண்டுகிறேன். அடுத்த கிளைக் கூட்டத்தில், இதுவரை வாய் திறவாத தோழர் ஒருவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள். கணக்கெழுதுவதோ, படிப்பகம் நடத்துவதோ, மேடையிலே பேசுவதோ, எதுவாயினும் சரி. தவறுவார், திருத்துங்கள். தடுமாறுவார், தாங்குங்கள். பொன்னிறக் கோடு இழுத்த கையும் முதல்நாள் நடுங்கிய கைதான்!