கூலி வரிசையில் பிறந்த எழுத்தறிவு
(திருவனந்தபுரத்தில் கட்சி வகுப்பில் ஆற்றிய உரை)



உலகில் ஏறத்தாழ 260 கோடி மக்கள் இணையத்தைப் பயன்படுத்தவில்லை என 2024இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் மதிப்பிட்டது. இதனைக் கருவிப் பற்றாக்குறையாக மட்டும் காண்பது பிழை.

இம்மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சியை எண்ணிப் பாருங்கள். வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்கள், கூலி கணக்கில் ஏறியதா என்றறியவே வங்கியில் வரிசையில் நின்றனர். அவ்வரிசையைக் கண்டே அங்கு டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் பிறந்தது. தன்னார்வலர்கள் மக்களைத் தேடிச் சென்று கற்பித்தனர். 2022இல் புல்லம்பாறை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாயிற்று. பின்னர் மாநிலமெங்கும் சுமார் 21.87 லட்சம் பேர் பயிற்சி பெற்றனர். முதுமையைக் காட்டி எவரும் விலக்கப்படவில்லை. 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழுமைக்கும் அந்நிலை அறிவிக்கப்பட்டது.

ஆனால், 2024 ஜனவரி முதல் அதே தொழிலாளியின் கூலிக்கு ஆதார்வழிப் பட்டுவாடாவை ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. கைப்பேசியில் கணக்கைப் பார்க்கக் கற்றவரும், ஆதார் இணைப்பில் பிழை நேர்ந்தால் கூலியின்றி நிற்கிறார். ஒரே தொழில்நுட்பம் ஓரிடத்தில் திறவுகோல், மற்றோரிடத்தில் பூட்டு.

ஆகவே, கற்பிக்கச் செல்லும் தோழர், கூலி மறுக்கப்பட்டவரின் மனுவை எழுதவும் அவருடன் அமரவேண்டும். இரண்டும் ஒரே பணியே.