கொப்புளத்தின் உயரமும் சுவரும்



என் ஆசிரியர்கள் அமர்ந்த தலைவர் நாற்காலி இது. பெருமையாக இருக்கிறது, அவர்களில் இருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதால் சற்று உதறலாகவும் இருக்கிறது.

கிளாக்கோமா ஸ்டென்ட் அறுவைக்குப் பின் புண் ஆறுவதைப் படமெடுத்து மதிப்பிடுவது நம் பொருள். ஒளியால் குறுக்குவெட்டுப் படமெடுக்கும் ஓசிடி 1991-இல் அறிமுகமானது, 1994-இல் கண்ணின் முன்பகுதிக்கும் வந்தது, அதே காலகட்டத்தில் டொரன்டோவில் பாவ்லின் மீயொலியால் படமெடுக்கும் யூபிஎம்மைக் கொண்டுவந்தார் என்பதெல்லாம் இந்த அவை அறிந்ததே. நேரே என் வழக்குக்கு வருகிறேன்.

வழக்கு, வடியும் நீரால் எழும் கொப்புளமான பிளெப்பின் உயரத்தைப் பற்றியது. உயரத்தை வைத்து வெற்றி தோல்வி சொல்வது டிரபெக்குலெக்டமி தந்த பழக்கம். 1968-இல் கெய்ர்ன்ஸ் விவரித்த அந்த அறுவையில் கொப்புளம் கருவிழியோரத்தில் எழும்பி நிற்கும். ஸ்டென்ட் வேறு. ஸென் ஸ்டென்ட் 6 மி.மீ. நீளம்: முன்னறையில் 1, விழிவெண்படலத்தில் 2, கண்சவ்வுக்கு அடியில் 3 என்று வைக்கிறோம். 8.5 மி.மீ. நீளமுள்ள பிரிசர்ஃப்ளோ ஸ்டென்ட் இன்னும் பின்னால், டெனான் உறைக்குக் கீழே நீரை விடுகிறது. அங்கே தட்டையாகப் பரவும் கொப்புளத்தைப் பழைய அளவுகோலால் அளந்தால், நன்றாக வடியும் கண்ணும் தோற்றதாகவே தெரியும். உறைகட்டிய கொப்புளமோ எடுப்பாக உயர்ந்து நிற்கும். கூடவே கண் அழுத்தமும் ஏறும்.

பார்க்க வேண்டியது சுவரை. மங்கலாக, நுண்ணிய நீர்ப்பைகளுடன் தெரியும் சுவர் நீரைக் கசியவிடுகிறது. ஒரே சீராகப் பளிச்சென்று தெரியும் சுவர் தழும்பாகி வருகிறது. ஓசிடியில் ஸென் இரண்டு வெளிர்கோடுகளாக, நடுவே கறுத்த துளையோடு தெரியும். அந்த 45 மைக்ரான் துளையைப் பார்த்ததும் ‘குழாய் திறந்திருக்கிறது’ என்று அறிக்கை எழுதிவிடுகிறோம். ஆனால் நுனி டெனான் இழையில் சிக்கி மடங்கியிருக்கலாம். குழாயின் நீளவாக்கில் நுனிவரை ஸ்கேன் போகாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

‘படம் அழகுதான், தீர்ப்பு டோனோமீட்டருடையது’ என்று முன்பு ஒரு மேடையில் மூத்தவர் ஒருவர் என்னை மடக்கினார். அவர்மேல் மரியாதை இன்றும் குறையவில்லை; கருத்தைத்தான் ஏற்க முடியவில்லை. அழுத்தம் ஏறும்வரை காத்திருந்தால் பல கண்களில் தழும்பு இறுகிவிடுகிறது. தழும்பை ஊசியால் பிரித்துவிட நல்ல தருணம் அதற்கு முன்னால்.

ஓசிடி பக்தர்களுக்கும் ஒரு சொல். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு தெரியாது. கொப்புளங்களை மதிப்பிடும் மூர்ஃபீல்ட்ஸ் தரவரிசை பிளெப்பின் நடுவிலும் ஓரத்திலும் மட்டுமல்ல, பிளெப் இல்லாத சவ்விலும் இரத்தநாளச் செறிவைக் குறிக்கச் சொல்கிறது. அந்த மூன்றாவது கட்டத்தை நாம் நிரப்புவதே இல்லை. அழற்சி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சொல்வது அதுதானே! ஓசிடி ஆஞ்சியோகிராபி இருக்கிறதே என்பீர்கள். ஓடும் இரத்தத்தை மட்டுமே அது காட்டும். கண் அசைந்தால் படமே கெட்டுவிடும். ஆகவே ஸ்லிட் லேம்ப் வண்ணப்படம் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இன்று கட்டுரை வாசிக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். படம் எடுத்தது அறுவைக்குப் பின் எந்த வாரம், ஊசியால் பிரிக்க முடிவெடுத்தது அழுத்தத்தைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா என்று ஒவ்வொரு படத்தோடும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், தலைவர் என்ற உரிமையில் நானே எழுந்து கேட்பேன்.