கட்டடச் சாமான்களின் குணம் அறிதல்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதிக் கிராம மக்களுக்காக நிகழ்த்திய உரை)



கடன் வாங்கிக் கட்டிய வீடு. அந்தக் கடன் தீருமுன்பே தளத்தின் அடிப்பக்கம் வெடித்து, காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தலைநீட்டுகிறது. இக்காட்சி இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. விதியென்றும் வாஸ்துவென்றும் சிலர் கூறுவர். கம்பிக்கும் உப்புக்கும் உள்ள பகையே இதற்குக் காரணம் என்பது நம் கருத்து.

இதே மண்ணில், இதே காற்றில், நெடுங்காலம் நிலைத்த பொருள்களும் உண்டு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் துரை அகழ்ந்தபோது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட செங்கற்கட்டடப் பகுதிகள் வெளிப்பட்டன. பாகூரில் 1879இல் கிடைத்த செப்பேடுகளோ, நிருபதுங்க பல்லவன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இவ்வூர்க் கல்விச்சாலைக்குக் கிராமங்கள் அளிக்கப்பட்டதை இன்றும் நமக்குப் படித்துக் காட்டுகின்றன. சுட்ட மண் நின்றது, செம்பு நின்றது. நம் வீட்டுக் கம்பி மட்டும் இருபது ஆண்டு தாங்காதது ஏன்?

செம்பின் மேல் படியும் களிம்பு அதனோடு இறுக ஒட்டிக்கொண்டு, உள்ளேயிருக்கும் உலோகத்திற்குப் போர்வையாகிவிடுகிறது. இரும்பின் துரு அப்படியன்று. அது பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து, புதிய இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. அதனினும் கேடு, துருவானது தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்கிறது. கான்கிரீட்டுக்குள் சிறைப்பட்ட கம்பி இவ்வாறு பருத்தால், மேலுள்ள காரை வெடிக்காமல் என்ன செய்யும்?

நல்ல கான்கிரீட்டுக்குள் இரும்பு இயல்பாகத் துருப்பிடிப்பதில்லை. சிமெண்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலத்தை உடைப்பது உப்பு. மணப்பட்டு, பனித்திட்டு போன்ற கடலோர ஊர்களில் அது காற்றிலேயே வருகிறது. வேறிடங்களில் நாமே கலவையில் கொட்டுகிறோம். உப்புத் தண்ணீரில் பிசைந்த கலவையும், கடற்கரை மணலும் அந்த நோயை முதல் நாளே உள்ளே வைத்துக் கட்டுவதற்கு ஒப்பாகும். குடிக்கத் தகாத நீர் கலவைக்கும் தகாது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

நல்ல நீரேயானாலும் அளவு உண்டு. ஐம்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 25 லிட்டர் நீர் போதும். சாதாரணத் தளக் கலவைக்கு 30 லிட்டரைத் தாண்டலாகாது. மணல் ஈரமாயிருந்தால் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். கலவை எளிதில் ஓடட்டும் என்று குடம் குடமாக ஊற்றினால், மிகுதி நீர் பின்னர் ஆவியாகி, அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாகும். அத்துளைகளின் வழியேதான் உப்பும் ஈரமும் கம்பியை அடைகின்றன.

அடுத்தது கம்பிக்கு மேலுள்ள காரையின் கனம். இந்தியத் தர நிர்ணய விதி 456இன்படி, கடலோரப் பகுதியில் உப்புக்காற்று நேரே படாத மறைவான பாகங்களுக்கு 30 மில்லிமீட்டரும், நேரே படும் பாகங்களுக்கு 45 மில்லிமீட்டரும் வேண்டும். கம்பியைப் பலகைமேல் கிடத்திவிட்டு, கொட்டும்போது கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் மேஸ்திரியிடம் நாம் சற்றுக் கண்டிப்பாகவே இருக்க வேண்டும். உரிய கனத்தில் சிமெண்டுக் கட்டைகள் வார்த்து, கம்பிக்கு அடியில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். செலவு மிகச் சொற்பம்.

கான்கிரீட்டு காய்ந்து இறுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சிமெண்டு நீரை உண்டு இறுகும் பொருள். காய்ந்தால் அதன் வளர்ச்சி நின்றுபோகும். நாற்றுக்கு நீர் நிறுத்தத் தெரிந்த உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துங்கள். தூணுக்கு ஈரச் சாக்குச் சுற்றுங்கள். சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாள்களுக்குக் குறையலாகாது. சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாள்கள் வேண்டும். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பின்னதே. மூட்டையை வாங்கி அடுக்கி வைத்துவிட்டு அறுவடைப் பணம் வரட்டும் என்று காத்திருப்பதும் நட்டமே. மூன்று மாதத்தில் அதன் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

இனிச் செங்கல். களிமண் நெருப்பில் ஏறத்தாழ அறுநூறு பாகை வெப்பத்தைத் தாண்டும்போது தன்னுள் பிணைந்த நீரை இழந்து, மீண்டும் சேறாக முடியாத புதுப் பொருளாகிறது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதும், அக்கலையில் வல்ல வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டதும் நமக்குப் பெருமை. ஆனால் சூளையில் வேகாத கல் சேற்றுக்கு உறவு. இரண்டு கற்களை மோதினால் கணீரென ஒலிக்க வேண்டும். ஐயம் இருந்தால், காய்ந்த கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து, துடைத்து, மறுபடி எடைபோடுங்கள். மூன்று கிலோக் கல் 600 கிராமுக்கு மேல் நீர் குடித்திருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம். இச்சோதனைக்கு எஞ்சினியர் வேண்டியதில்லை. மளிகைக் கடைத் தராசு போதும்.

பழைய மண் சுவர் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை கொட்டியது. அதன்பின் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. இப்படி ஊறிய மண் சுவரைப் பலப்படுத்துவதாக எண்ணிச் சிமெண்டு பூசுவது வழக்கமாகிவிட்டது. நாம் அதை ஒப்புவதில்லை. மண் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டு வாழ்வது. சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் சுவரைக் குழைக்க, அதிலுள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி அதைத் தள்ள, ஒருநாள் பூச்சு பலகையாகக் கழன்று விழும்.

அங்கே சுண்ணாம்பே உரியது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ ஏறத்தாழ 900 பாகையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது; நீற்றிப் பூசியபின் காற்றிலிருந்து அவ்வாயுவைத் திரும்ப வாங்கி மீண்டும் கல்லாகிறது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும், அவசரக்காரருக்கு உதவாது. ஆனால் ஈரத்தை வெளியேற விடும். சிறு வெடிப்புகளைத் தானே ஓரளவு மூடிக்கொள்ளும். நன்றாகச் சுட்ட செங்கல் அல்லது மண்பாண்ட உடைசல்களை நைய இடித்த சுர்க்கியைச் சேர்த்தால், ஈரமான இடத்திலும் இறுகும். குயவர் வீட்டு ஓட்டாஞ்சல்லி வீணாவதைப் பார்க்கும்போது நமக்கு வருத்தமே உண்டாகிறது. பூசுமுன் சுவர் முற்றும் உலர வேண்டும். உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும், கழுவலாகாது.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பனையில் முற்றிய மரத்தின் கருத்த வெளிவைரம் மட்டுமே உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் ஆகும். உட்சோறு பூச்சிக்கு இரை. சவுக்கு, சாரத்துக்கும் பந்தலுக்கும் நல்லது. மண்ணில் நேரே ஊன்றினால் கறையான் விடாது.

2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் எத்தனையோ கூரைகளைப் பறித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தகரம் வாங்குவோர் துத்தநாகம் பூசியதையே வாங்குக. துத்தநாகம் முதலில் தான் அரிந்து இரும்பைக் காக்கும். ஓரத் தகடுகளுக்கு ஆணிகளை நெருக்கி அடிக்க வேண்டும், காற்று பிடிப்பது அங்கேதான். பழைய கல்நார்த் தகடுகளை மாற்றும்போது மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. அதன் நுண்ணிழை மூச்சோடு உட்சென்றால் பல்லாண்டுகளுக்குப் பின்னும் புற்றுநோய் தரவல்லது. அறுக்கவோ உடைக்கவோ செய்யாமல், நீரால் நனைத்து, முழுத் தகடாக இறக்குங்கள். உடைந்த துண்டுகளை வயல் வரப்பிலோ குழந்தைகள் ஆடும் இடத்திலோ போட வேண்டாம். ஈரத்தோடு கனத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, அகற்றும் வழியைக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டறிந்து ஒப்படையுங்கள்.