கையொப்பம் தாங்கிய அட்டைகள்



இலக்கிய மேடையில் மோட்டார் பந்தய வீரரின் பட அட்டைக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். வீரனின் பெயரையும் பெருமையையும் கல்லில் பொறித்து வணங்கிய மரபு நம்முடையது. சங்கப் பாடல்கள் நடுகல்லைப் பலவிடத்தும் பேசுகின்றன. ஆயின், அக்கல்லில் எழுத்தைப் பொறித்தவன் வீரன் அல்லன்; அவன் மாய்ந்த பின் பிறர் பொறித்தனர். வாழும் வீரனே தன் பெயரைத் தன் கையால் எழுதித் தருவது கையொப்ப அட்டை. இவ்வகையில் அது நடுகல்லின் மறுபக்கம் எனலாம். எனவே தமிழ் பயில்வோரின் சிந்தனைக்கும் அது உரியதே.

அமெரிக்காவில் 1948-இல் நாஸ்கார் என்னும் அமைப்பு தோன்றியது. கடையில் விற்கும் கார்களின் தோற்றம் கொண்ட வண்டிகள் வளைதடத்தில் விரையும் ஸ்டாக் கார் பந்தயத்தை அது நடத்துகிறது. முன்புறம் வீரரின் படமும் பின்புறம் அவரைப் பற்றிய விவரமும் அச்சிட்ட சிறு அட்டைகளை மேக்ஸ் என்னும் நிறுவனம் 1988-இல் தொகுதியாக வெளியிட்டது. அணிகளுக்குப் பொருளுதவி புரியும் நிறுவனங்கள் பெரிய அளவில் அச்சிட்டு விலையின்றி வழங்குபவை ‘ஹீரோ கார்டு’ எனப்படும். இரசிகர் அட்டையை நீட்டுவார், வீரர் ஒப்பமிடுவார். 200 பந்தயங்களில் வென்ற ரிச்சர்ட் பெட்டி, நெளிவும் சுழிவும் நிறைந்த தம் கையொப்பத்தைப் பொறுமையுடன் இட்டுத் தருவதற்குப் பெயர் பெற்றவர்.

அவ்வுலகில் தமிழர் ஒருவரும் தடம் பதித்துள்ளார். 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயன், 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் இறங்கினார். வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நடந்த முதற்பந்தயத்தில் அவருக்கு 13-ஆம் இடமே கிட்டியது. எனினும் அவ்வாண்டின் முடிவில், இரசிகர்களின் வாக்குகளால் அத்தொடரின் மக்கள் மனங்கவர்ந்த ஓட்டுநராகத் தேர்வு பெற்றார். முதலிடம் பெற்றவரை மட்டுமே இரசிகர் நெஞ்சம் நாடுவதில்லை என்பதற்கு இது சான்றன்றோ?

சேர்க்கும் வேட்கை நம் வானம் பார்த்த பூமிக்குப் புதியதன்று. அருப்புக்கோட்டைத் தெருக்களிலும் திருச்சுழிச் சிற்றூர்களிலும் சிறுவர்கள் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்தனர். இரட்டையாக இருப்பதைக் கொடுத்து, இல்லாததை வாங்கினர். 1922-இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கற்று வந்த தொழிலால், மழை பொய்த்த கரிசலில் அடுப்பெரிந்த குடும்பங்கள் பல. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியும் பெண்கள் உழைத்தனர். பள்ளி செல்ல வேண்டிய சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். சிறுவன் ஆசையுடன் சேர்த்த ஒவ்வொரு படத்தின் பின்னும் ஒரு பெண்ணின் பசை தோய்ந்த விரல் இருந்தது. அவள் பெயர் எங்கும் இல்லை.

இவ்விடத்தில் அமெரிக்க அட்டையை மீண்டும் நோக்குதல் வேண்டும். வணிகம் பெருகியபின், நிறுவனங்கள் ஸ்டிக்கர் தாள்களை வீரர்களுக்கு அனுப்பி நூற்றுக்கணக்கில் ஒப்பம் பெறலாயின. பிறகு அவை அட்டைகளில் ஒட்டப்பட்டு, உறைகளில் இடப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. ஒப்பம் மெய்யானதே, ஆயினும் வீரர் அவ்வட்டையைத் தொட்டதில்லை, வாங்கியவரைக் கண்டதுமில்லை. தீப்பெட்டிப் படத்தில் தொட்ட கை உண்டு, ஒப்பம் இல்லை. ஸ்டிக்கர் அட்டையில் ஒப்பம் உண்டு, தொட்ட கை இல்லை. இரண்டிலும் இல்லாதது சந்திப்பு. கையொப்பத்தின் மதிப்பு மையில் இல்லை. இருவர் எதிரெதிரே நின்ற அந்த ஒரு நொடியில் உள்ளது.

இதனைத் தெளிவாக்கும் சான்று திருச்சுழியிலேயே உண்டு. அவ்வூரில் பிறந்த வேங்கடராமன், 16 வயதில், 1896 ஆகஸ்டு 29 அன்று மதுரையிலிருந்த உறவினர் இல்லத்தை விட்டு நீங்கும்போது ஒரு சிறு கடிதம் எழுதி வைத்தார். ‘நான்’ என்று தொடங்கிய அக்கடிதம் இடையிலேயே ‘இது’ என்று மாறியது. கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கோடே நின்றது. பின்னாளில் அவரே இரமண மகரிஷி. பெயரில்லாத அக்கடிதத்தை அன்பர்கள் இன்றும் போற்றுவது ஏன்? எழுதியவர் யார், எந்நாளில், எந்நிலையில் எழுதினார் என்பது நினைவில் காக்கப்பட்டமையால் அன்றோ? நினைவு நின்றால் கோடும் பேசும். நினைவு நீங்கினால் பொன்னெழுத்தும் ஊமையே.

ஆதலின், அட்டை சேர்க்கும் இளைஞர்க்குச் சொல்லத்தக்கது ஒன்று. ஒப்பம் பெற்ற நாள், இடம், பேசிய சொல் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி அட்டையுடன் வைத்தல் வேண்டும். நம் ஊர் வெயில் மையை வெளுக்கச் செய்யும். அட்டையை நிழலில் காத்தல் நலம். அவ்வாறு செய்தால், விலைக்கு வாங்கிய நூறு அட்டைகளினும் கேட்டுப் பெற்ற ஓர் அட்டை உயர்ந்து நிற்கும்.

வட்டத்திற்கும் பதினோராம் ஆண்டில் ஒரு பணி காத்திருக்கிறது. பெட்டி ஒட்டிய கைகள் பல இன்று மூதாட்டியரின் கைகளாய் நம் தெருக்களிலேயே உள்ளன. பழைய தீப்பெட்டிப் படம் ஒன்றை எடுத்துச் சென்று, அவர்கள் அருகமர்ந்து, கதை கேட்டு, அப்படத்தின் பின்புறத்தில் அவர்கள் பெயரை அவர்கள் கையாலேயே எழுதித் தருமாறு வேண்டலாம். எழுதத் தெரியாது என்று கூசுவோர் கைநாட்டு வைக்கட்டும். பசை தோய்ந்த அவ்விரல்களின் ரேகை, எந்த வீரரின் ஒப்பத்திற்கும் தாழ்ந்ததன்று.