யாருக்குப் புகலிடம்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய உரை)

சென்ற வகுப்பிலே ஒரு தோழர் கேட்டார்: "அமெரிக்காவில் துப்பாக்கிக்குப் புகலிடம் கொடுத்திருக்கிறார்களாமே, துப்பாக்கிக்கு எதற்கையா புகலிடம்?" இது சிரித்துத் தள்ள வேண்டிய கேள்வி அல்ல. அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு சட்டம் என்றால் என்ன, அதை அமுல் நடத்துவது யார், அமுல் நடத்தாமல் விட்டால் யாருக்கு லாபம் என்பதையெல்லாம் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்காவிலே 50 மாநிலங்கள். மாநிலங்கள் கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கவுண்டி என்றால் ஜில்லா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதிலும் சுமார் 3,100 கவுண்டிகள் உண்டு. கவுண்டிக்கு ஒரு போர்டு. அதன் அங்கத்தினர்களை ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். ஷெரீப் என்று ஒரு போலீஸ் தலைவர் உண்டு. பெரும்பாலான இடங்களில் அவரும் ஓட்டு வாங்கித்தான் பதவிக்கு வருகிறார். இந்த ஷெரீப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிவில் அவரிடம்தான் போய் நிற்கப் போகிறது.

2018 முதல் இந்தப் போர்டுகள் ஒரு மாதிரித் தீர்மானம் போடத் தொடங்கின. "துப்பாக்கி உரிமையைக் குறைக்கும் சட்டம் எது வந்தாலும், அதை எங்கள் எல்லைக்குள் அமுல் நடத்த எங்கள் பணத்தையும் ஆட்களையும் சிறையையும் தர மாட்டோம். எங்கள் கவுண்டி துப்பாக்கி உரிமைக்குப் புகலிடம்." இதுதான் தீர்மானங்களின் சாரம். சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் இப்படி அறிவித்துவிட்டன.

கடன் வாங்கிய சொல்

'புகலிடம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? 1980ஆம் ஆண்டுகளிலே எல் சால்வடார், குவாதமாலா நாடுகளில் ராணுவமும் கொலைப் படைகளும் ஏழை விவசாயிகளை வேட்டையாடின. உயிர் தப்பியவர்கள் எல்லையைக் கடந்து ஓடி வந்தார்கள். அமெரிக்க சர்க்கார் அவர்களில் பெரும்பாலோரை அகதிகள் என்று ஒப்புக்கொள்ளவில்லை, திருப்பி அனுப்பிற்று. 1982 மார்ச்சில் அரிசோனா மாநிலத்திலே டூசான் நகரத்து மாதா கோயில் ஒன்று, "இவர்களுக்கு இங்கே புகலிடம்" என்று பகிரங்கமாக அறிவித்தது. பிற்பாடு நகரசபைகளும் இதை எடுத்துக்கொண்டன. 1989இல் சான் பிரான்ஸிஸ்கோ நகரம், குடியேற்ற அதிகாரிகளுக்கு நகர ஊழியர்கள் கையாளாக இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டது.

2018 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் எபிங்ஹாம் கவுண்டி போர்டு இந்தச் சொல்லை எடுத்துத் துப்பாக்கிக்கு மாட்டியது. 8 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அதற்கு இரண்டு மாதம் முன்னால் புளோரிடாவிலே பார்க்லாண்ட் பள்ளிக்கூடத்தில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். துப்பாக்கி வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் மசோதாக்கள் இல்லினாய் சட்டசபையின் முன் இருந்தன. "அவர்கள் அகதிகளுக்குப் புகலிடம் என்றால், நாங்கள் துப்பாக்கிக்காரருக்குப் புகலிடம்" என்று எதிர்ச்சவால் விட்டார்கள்.

வர்ஜீனியாவில் நடந்தது

இந்த இயக்கம் எப்படிப் பரவியது என்பதற்கு வர்ஜீனியா மாநிலம் நல்ல உதாரணம். 2019 மே 31ஆம் தேதி வர்ஜீனியா பீச் நகரத்து நகரசபைக் கட்டிடத்தில் ஒரு ஊழியர் துப்பாக்கியோடு நுழைந்து 12 பேரைக் கொன்றார். செத்தவர்களில் 11 பேர் நகரசபை ஊழியர்கள். அன்றாட வேலைக்கு வந்தவர்கள். ரால்ஃப் நார்த்தம் என்ற கவர்னர் ஜூலை 9ஆம் தேதி சட்டசபையின் விசேஷக் கூட்டத்தைக் கூட்டினார். அப்போது பெரும்பான்மையாக இருந்த ரிபப்ளிகன் கட்சி ஒன்றரை மணி நேரத்தில் சபையை ஒத்திவைத்துவிட்டுப் போய்விட்டது. ஒரு மசோதாகூட ஓட்டுக்கு வரவில்லை.

நவம்பரில் தேர்தல் நடந்தது. ஜனங்கள் டெமாக்ரடிக் கட்சிக்கு இரண்டு சபைகளிலும் பெரும்பான்மை கொடுத்தார்கள். இனிச் சட்டம் வரும் என்பது நிச்சயமாயிற்று. உடனே கவுண்டி கவுண்டியாகத் தீர்மானம் பறந்தது. போர்டுக் கூட்டங்களுக்கு நூற்றுக்கணக்கானோர் திரண்டு வந்தார்கள். மாநிலத்தில் உள்ள 95 கவுண்டிகளில் 90க்கும் மேற்பட்டவை சில மாதங்களுக்குள் இந்தத் தீர்மானத்தையோ இதைப்போன்ற ஒன்றையோ நிறைவேற்றின. நிலக்கரிச் சுரங்கப் பகுதியான டாஸ்வெல் கவுண்டி, ஜனங்களின் ஆயுதப் படை பற்றியும் கூடவே ஒரு தீர்மானம் போட்டது. 2020 ஜனவரி 20ஆம் தேதி தலைநகர் ரிச்மாண்டில் சுமார் 22,000 பேர் கூடினார்கள். பலர் கையில் துப்பாக்கி. அசம்பாவிதம் இல்லாமல் கலைந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் சட்டங்கள் கையெழுத்தாயின. துப்பாக்கி விற்கும்போதெல்லாம் வாங்குகிறவரின் பூர்வோத்தரத்தைச் சோதிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக் கூடாது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக் கூடியவர் என்று தெரிந்தால், கோர்ட்டு உத்தரவு பெற்று அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கலாம். யாருடைய வீட்டிலும் புகுந்து துப்பாக்கியை அள்ளிக்கொண்டு போகும் சட்டம் இவற்றில் எதுவும் இல்லை.

சட்டத்தின் முன் நிற்குமா?

தீர்மானம் போட்டதால் சட்டம் செத்துவிட்டதா? இல்லை. வர்ஜீனியா அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெர்ரிங் 2019 டிசம்பரிலேயே, இந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட பலம் கிடையாது என்று அபிப்பிராயம் கொடுத்துவிட்டார். காரணம் எளிது. கவுண்டியைப் படைத்ததே மாநிலம். மாநிலம் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் அதற்கு அதிகாரம் இல்லை.

"அப்படியானால் அகதிகளுக்குப் புகலிடம் கொடுத்த நகரங்கள் மட்டும் எப்படி நிற்கின்றன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே எதிரே நிற்பது மத்திய சர்க்கார். மத்திய சர்க்கார் தன் சட்டத்தைத் தன் ஆட்களைக் கொண்டு அமுல் நடத்தலாம். மாநில அதிகாரிகளையும் உள்ளூர் அதிகாரிகளையும் தனக்கு ஏவலாளாக்க முடியாது என்று 1997இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இதிலே ஒரு விசித்திரம் கேளுங்கள். அந்த வழக்கைப் போட்டவர்கள் இரண்டு ஷெரீப்புகள். துப்பாக்கி வாங்குவோரைச் சோதிக்கச் சொன்ன மத்திய சட்டத்தை எதிர்த்துப் போட்டார்கள்! துப்பாக்கிக்காக வாங்கிய தீர்ப்பு அகதிகளுக்குக் கேடயமாயிற்று. அகதிகளுக்காகப் பிறந்த சொல் துப்பாக்கிக்கு அங்கியாயிற்று.

ஆனால் இந்தக் கவுண்டிகள் பெரும்பாலும் எதிர்ப்பது தங்கள் சொந்த மாநிலச் சட்டத்தை. அங்கே அந்தத் தீர்ப்பு உதவாது. ஆரெகான் மாநிலத்திலே கொலம்பியா கவுண்டி போட்ட இத்தகைய விதியை அந்த மாநில அப்பீல் கோர்ட்டு 2023இல் ரத்து செய்தது. மிஸ்ஸௌரி மாநிலம் 2021இல் இன்னும் ஒரு படி மேலே போய், மத்தியத் துப்பாக்கிச் சட்டங்கள் பலவற்றைச் செல்லாது என்றே அறிவித்து, அவற்றை அமுல் நடத்தும் உள்ளூர் போலீஸ் இலாகாவுக்கு 50,000 டாலர் அபராதம் விதித்தது. அதையும் 2023இல் மத்தியக் கோர்ட்டு ரத்து செய்தது. 2024இல் அப்பீலும் தோற்றது.

கூட்டத்துக்கு வந்தவர்கள் யார்?

தோழர்களே! அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்களையெல்லாம் வெறியர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அது தவறு. அவர்களிலே சுரங்கத் தொழிலாளியும் லாரி ஓட்டுபவரும் சிறு விவசாயியும் இருந்தார்கள். மலைக்காட்டிலே வீட்டுக்கும் வீட்டுக்கும் வெகுதூரம். போலீஸைக் கூப்பிட்டால் வந்து சேர நேரமாகும். மான் வேட்டை அங்கே பரம்பரைப் பழக்கம். துப்பாக்கி தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருகிறது. 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தத்தின்படி அது தன் அடிப்படை உரிமை என்று அவர் நம்புகிறார். 2008இல் சுப்ரீம் கோர்ட்டும், வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைப்பது தனிமனிதரின் உரிமை என்று தீர்ப்பளித்திருக்கிறது.

"துப்பாக்கிச் சட்டம் எளியவன் மீதுதானே பாயும்?" என்றும் கேட்கிறார்கள். இதிலும் உண்மை இல்லாமலில்லை. 1967இல் கலிபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள் என்ற நீக்ரோ இளைஞர் கட்சியினர், போலீஸ் அட்டூழியத்தைக் கண்காணிக்கத் துப்பாக்கி ஏந்தித் தெருவிலே நடந்தார்கள். உடனே குண்டு போட்ட துப்பாக்கியோடு வெளியில் நடப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் கவர்னர் ரொனால்ட் ரீகன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். சட்டம் எளியவன் மீது மட்டும் பாய்கிறது என்பது வியாதி. இந்தச் சட்டத்தை அமுல் நடத்துவேன், அந்தச் சட்டத்தை நடத்த மாட்டேன் என்று பொறுக்கும் உரிமையை ஷெரீப்புக்குக் கொடுப்பது அதற்கு மருந்தா? யாரை விட்டுவிடுவது என்று பொறுக்குகிறவர், யாரைப் பிடிப்பது என்றும் பொறுக்குவார். வியாதி வளருமே தவிரக் குறையாது.

சரித்திரம் சொல்வது

உள்ளூர் எதிர்ப்பு எப்போதுமே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று 1850இல் மத்தியச் சட்டம் வந்தது. 1854இல் மில்வாக்கி நகரத்து ஜனங்கள் சிறைக் கதவை உடைத்து ஜோஷுவா குளோவர் என்ற அடிமையை மீட்டு அனுப்பினார்கள். விஸ்கான்ஸின் மாநிலக் கோர்ட்டு அந்தச் சட்டமே செல்லாது என்றது. சுப்ரீம் கோர்ட்டு 1859இல் அந்தத் தீர்ப்பைத் தள்ளிற்று. சரித்திரம் எந்தத் தீர்ப்பை மதிக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் நூறு வருஷம் கழித்து அதே ஆயுதம் வேறு கையில் இருந்தது. வெள்ளைக் குழந்தைகளையும் நீக்ரோக் குழந்தைகளையும் பிரித்து வைக்கக் கூடாது என்று 1954இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி என்ன செய்தது? 1959இல் பொதுப் பள்ளிக்கூடங்களையே இழுத்து மூடிற்று! 1964 வரை மூடியே வைத்திருந்தது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி கிடைத்தது. நீக்ரோக் குழந்தைகளில் ஏராளமானோர் ஐந்து வருஷம் படிப்பிழந்தார்கள். அதுவும் "எங்கள் ஊர், எங்கள் உரிமை" என்ற கோஷத்தின் பேரில்தான் நடந்தது.

ஷெரீப் கதையும் ஒன்று உண்டு. 1921இல் மேற்கு வர்ஜீனியாவிலே, சங்கம் வைக்கும் உரிமைக்காக சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள். எதிரே படை திரட்டி நின்றவர் லோகன் கவுண்டி ஷெரீப் டான் சேபின். அவருடைய ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் நிலக்கரி முதலாளிகள். ஓட்டு வாங்கி வந்த ஷெரீப்தான். ஆனால் அவருடைய கவுண்டியில் எது சட்டம் என்பதை முதலாளிகளின் பணப்பெட்டி தீர்மானித்தது.

ஆகவே "உள்ளூர் மறுக்கிறதே, சரியா தவறா?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. மறுப்பினால் காப்பாற்றப்படுகிறவன் யார், கைவிடப்படுகிறவன் யார் என்று கேட்க வேண்டும். மில்வாக்கியில் காப்பாற்றப்பட்டவன் அடிமை. பிரின்ஸ் எட்வர்டில் கைவிடப்பட்டது குழந்தை.

கைவிடப்படுகிறவர் யார்?

இப்போது துப்பாக்கிக்கு வருவோம். அமெரிக்க ஜனங்களிடம் சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக 2018இல் ஒரு சர்வதேசக் கணக்கு சொல்லிற்று. ஜனத்தொகையைவிட அதிகம்! 2021ஆம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதிலே பாதிக்கு மேல் தற்கொலை. ஆம், தோழர்களே, பிறர் சுட்டதைவிடத் தானே சுட்டுக்கொண்டவர்களே அதிகம். மனம் உடைந்த ஒரு இரவு. கைக்கெட்டும் தூரத்தில் குண்டு போட்ட துப்பாக்கி. அந்த ஒரு இரவைக் கடத்தி வைப்பதற்குத்தான் தற்காலிகமாகத் துப்பாக்கியை வாங்கி வைக்கும் சட்டம் வந்தது.

வர்ஜீனியாவிலே அந்த உத்தரவைக் கேட்டு மனுப் போடக் கூடியவர்கள் போலீஸும் அரசு வழக்கறிஞருமே. தாய் நேரே மனுப் போட முடியாது. குடித்துவிட்டுத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டும் கணவனுக்குப் பயந்த மனைவியும், பிள்ளையின் போக்கைக் கண்டு நடுங்கும் தாயும் ஷெரீப்பின் வாசலுக்குத்தான் ஓட வேண்டும். அந்த வாசலிலே "இங்கே துப்பாக்கிக்குப் புகலிடம்" என்று எழுதியிருந்தால், அந்தப் பெண்ணுக்கு எங்கே புகலிடம்?

கொலராடோ மாநிலத்தில் 2019இல் இதேபோன்ற சட்டம் வந்தது. மாநிலத்தின் கவுண்டிகளில் பாதிக்கு மேல் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. எல் பாஸோ கவுண்டியும் அவற்றில் ஒன்று. 2021இல் அங்கே ஒருவன் குண்டு வைப்பதாகத் தன் வீட்டாரையே மிரட்டிக் கைதானான். வழக்கு பிற்பாடு தள்ளுபடியாயிற்று. அவன் மீது அந்தச் சட்டப்படி யாரும் மனுப் போடவில்லை. 2022 நவம்பரில் அவன் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தில் ஒரு கேளிக்கை விடுதியிலே 5 பேரைச் சுட்டுக் கொன்றான். மனுப் போட்டிருந்தால் நிச்சயம் தடுத்திருக்கலாம் என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கையிலே இருந்த கருவியை எடுக்கவே இல்லை என்பது உண்மை.

இதிலிருந்து தெரிவதென்ன? கோர்ட்டிலே தோற்கிற தீர்மானம் ஷெரீப்பின் மேஜையிலே ஜெயித்துவிடுகிறது. சட்டத்தை ரத்து செய்ய வேண்டிய அவசியமே இல்லை. மனுவை எழுதாமல் இருந்தால் போதும். எழுதப்படாத மனுவுக்கு அப்பீல் கிடையாது. அதற்குக் கணக்கும் கிடையாது.

சட்டப் புத்தகத்திலே இருக்கும் உரிமை வேறு, வாசற்படியிலே கிடைக்கும் உரிமை வேறு என்பது ஆலையிலும் வயலிலும் உழைக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே எந்த நாட்டிலேயானாலும், எந்தச் சபையானாலும் "உரிமையைக் காக்கிறோம்" என்று தீர்மானம் போட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். யாருடைய உரிமை? அதைப் பறிக்க வருகிறவன் யார்? இந்தத் தீர்மானம் அமுலாகும் நாளில் யார் உதவியின்றி நிற்பார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் "ஏழை, பெண், குழந்தை" என்று வந்தால், அதற்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும் அது புகலிடம் அல்ல, தோழர்களே, அடைத்த கதவு.